வெறுப்பது குடியையா, குடித்தவனையா?

மது ஹராம் என்பதை அறியாத பிள்ளை நம் சமுதாயத்தில் இல்லை. மக்தபில் அலிஃப், பே ஓதும் சிறுவனும் அதைச் சொல்வான். ஆனால் குடிக்கு அடிமைப்பட்டு, அதிலிருந்து மீளத் துடிக்கும் ஒருவன் எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஜமாஅத்தின் பெரியவர்களும் வாய் திறவார். நமக்குத் தீர்ப்புத் தெரிகிறது, வழி தெரியவில்லை.

பழவேற்காட்டு ஏரியின் நடுவே உள்ள மீனவர் தீவூர் பசியாவரம். எதிர்க்கரையில், தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் பழவேற்காடு. அக்கரையிலோ இக்கரையிலோ ஒருவர் இன்று குடியை விடத் துணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வருகிறார். 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் சிகிச்சை பெற்று நலமாகத் திரும்புகிறார். அதன் பின்? மீனை விற்று, வலையை உலர்த்திவிட்டு, கையில் காசோடு நிற்கும் அந்த மாலை நேரத்தில் அவர் யாரிடம் போய் உட்காருவார்? பழைய கூட்டாளிகள் அழைக்கக் காத்திருக்கிறார்கள். நாம் அழைக்கிறோமா?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டனர். இருவருமே குடிநோயாளர்கள். குடித்து மீண்டவனின் சொல்லே குடிப்பவனின் காதில் ஏறும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அதிலிருந்து வளர்ந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம். கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி, வந்தவர் பெயர் வெளியே போகாது, இரண்டு மூன்று பேர் கூடினால் அதுவே ஒரு குழு. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் அல் அனான் என்ற அமைப்பும் உருவாயிற்று.

“இது பிறமதத்தார் கொண்டுவந்த முறை” என்பார் சிலர். 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் இம்முறையை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்து ‘மில்லத்தீ இஸ்லாமி’ என்று பெயரிட்டதை அவர்கள் அறியட்டும். “அல்லாஹ் மறைத்த பாவத்தை அடியான் வெளியிடலாமா?” என்று கேட்பார் வேறு சிலர். கேள்வி நியாயமானது. ஆனால் மார்க்கம் கண்டிப்பது பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதை. மருத்துவரிடம் புண்ணைக் காட்டுவது பறைசாற்றலாகுமா? பெயரையே வெளியிடாத அவை, குறையை மறைத்துக் காக்கும் நம் நெறிக்கு அரண் அல்லவா?

ஸஹீஹுல் புகாரியில் வரும் அப்துல்லாஹ் என்ற தோழரை உலமாக்கள் அறிவர். பெருமானாரை (ஸல்) சிரிக்க வைப்பவர் அவர். மது அருந்தியதற்காகப் பன்முறை கொண்டுவரப்பட்டவரும் அவரே. தண்டனை அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் சபையில் ஒருவர் அவரைச் சபித்தபோது நாயகம் (ஸல்) அதைத் தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் அவர் என்று சான்று பகர்ந்தார்கள். நிக்காஹ் தப்தர் தரமாட்டோம் என்று மிரட்டும் ஜமாஅத்துகள் இந்த ஹதீஸை எங்கே வைத்துவிட்டன?

மிரட்டல் மட்டுமா? தாயத்துக் கட்டுகிறோம். விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய மருந்தை அவர் அறியாமல் சோற்றில் கலக்கிறோம். அது உயிருக்கே உலை வைக்கலாம். பல்லாண்டு அளவின்றிக் குடித்தவரை அறையில் பூட்டிவைக்கிறோம். திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிர் போவதும் உண்டு. முதலில் மருத்துவர் வேண்டும். பிறகு துணை வேண்டும். தௌபாவுக்கு இவை இரண்டும் தடையல்ல, தோள்.

“கடைகளை மூடினால் எல்லாம் சரியாகும்” என்று மேடையில் முழங்குகிறோம். 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்றுவருவது வெட்கக்கேடு, மூடத்தான் வேண்டும். ஆயினும் 2023இல் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர்கள் மாண்டது கள்ளச்சாராயத்தால். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதும் அதனால்தான். கடையை மூடுவதால் மனிதனின் நோய் தானாகத் தீர்ந்துவிடாது.

பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு மரபு உண்டு. எவர் எந்நாளில் எந்நீரில் வலையிடுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்துக் கொள்வர். தண்ணீரையே பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மக்களுக்குத் துயரத்தைப் பகிர்ந்துகொள்வதா அரிது?

ஆகவே ஜமாஅத்தாரிடம் நாம் கேட்பது ஒன்றே. வாரத்தில் ஒரு மாலை, ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். மதரஸாத் திண்ணையானாலும் சரி. இந்து மீனவரும் கிறிஸ்தவ மீனவரும் கூசாமல் வந்தமரட்டும். குடி மதம் பார்ப்பதில்லை. அங்கே பயான் செய்யப் போகாதீர்கள். நடத்த வேண்டியவர்கள் மீண்டவர்களே. தொடங்கிவைக்கச் சென்னையிலுள்ள குழுவினரை அழைக்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐப் பள்ளிவாசல் பலகையில் எழுதிவையுங்கள்.

முத்தவல்லிகளே, சாவியைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். அந்தக் கதவின் வழியே உள்ளே போகிறவனை ஏளனமாகப் பார்ப்பவன் எவனோ, அவனைக் கண்டியுங்கள்.