சவுக்கின்ர தலையில கைவைக்க வேண்டாம்

மார்கழி தொடங்கினால் எங்கட குழுவுக்குள்ள ஒரு சண்டை கட்டாயம் வரும். நத்தாருக்கு வைக்கிறது உண்மையான மரமா, கடையில விக்கிற பிளாஸ்ரிக் மரமா? எங்களில பாதிப்பேர் சைவம், பாதிப்பேர் வேதம். ஆனால் சோடிக்கிற நேரம் எல்லாரும்தான் ஏணியில ஏறுறம், அதால சண்டையிலயும் எல்லாருக்கும் பங்கு இருக்கு.

இணையத்தில தேடினால் பதில் சுலபமாகக் கிடைக்கும்: உண்மையான மரம்தான் சூழலுக்கு நல்லது. அந்தப் பதில் பிழை இல்லை. ஆனால் அது வேற ஊருக்கு எழுதின பதில்.

ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் நத்தார் மரம் என்பது ஒரு பயிர். நாங்கள் நெல் விதைக்கிற மாதிரி, அங்க ஊசியிலை மரத்தைத் தோட்டமாக நட்டு, ஏழெட்டு வருசம் வளர்த்து, வெட்டி விற்று, அந்த இடத்தில திரும்ப நடுவார்கள். பிரித்தானியாவின் கார்பன் ட்ரஸ்ற் நிறுவனம் போட்ட கணக்கு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். 2 மீற்றர் உயரமான பிளாஸ்ரிக் மரம் ஒன்றால் ஏறக்குறைய 40 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பாதிப்பு. அதே உயரமான உண்மை மரத்தைப் பாவித்து முடிய எரித்தால் 3.5 கிலோ, குப்பை மேட்டில புதைத்து அழுகவிட்டால் 16 கிலோ. ஆகவே பிளாஸ்ரிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருசம் பாவித்தால்தான் கணக்கு நேராகும் என்கிறார்கள். கவனித்துப் பாருங்கோ, ஒரே உண்மை மரம், முடிவில அதை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து நாலு மடங்குக்கு மேல வித்தியாசம் வருகிறது.

எங்களிடம் அப்படித் தோட்டம் எங்க இருக்கு? கொழும்புக்கு மலைநாட்டில இருந்து சைப்ரஸ் வரும். வன்னிக்கு வாறது சவுக்குத்தான். முல்லைத்தீவிலயோ கிளிநொச்சியிலயோ ‘உண்மையான மரம் வைப்பம்’ என்று ஒருவர் சொன்னால், அதன் பொருள் எங்கயோ ஒரு சவுக்கு வெட்டுப்படப் போகுது என்பதுதான்.

சவுக்கு பைன் மரத்தின் சொந்தக்காரனே இல்லை. பார்வைக்கு ஊசியிலை மாதிரி இருக்கிறது உண்மையில இலை இல்லை, கணுக்கணுவான மெல்லிய தண்டு. கணுவைப் பிரித்துப் பார்த்தால் அதில சுற்றிவர இருக்கிற குட்டிக் குட்டிச் செதில்கள்தான் இலை. தென்கிழக்காசியாவும் அவுஸ்திரேலியாவும் இதன் தாய்வீடு. வேரில குடியிருக்கிற நுண்ணுயிர் காற்றில இருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறதால, வேற ஒன்றும் முளைக்காத வெறும் மணலிலயும் இது நிமிர்ந்து நிற்கும். அதனாலதான் கடற்கரைகளில இதை நட்டார்கள். வடக்கில பெரிய உதாரணம் வடமராட்சி கிழக்கில இருக்கிற மணற்காட்டுச் சவுக்கங்காடு. மணல் பறந்து ஊரை மூடாமல் இருக்க, உப்புக்காற்றை மறிக்க, மனிசர் நட்ட மரம் அது.

தமிழ்நாட்டில வேதாரணியத்துக்குக் கிட்ட நாலுவேதபதி என்றொரு கரையோரக் கிராமம் இருக்கு. 2002 மார்கழியில அந்த ஊர்ச் சனம் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில 80,244 மரக்கன்றுகள் நட்டது. பெரும்பாலும் சவுக்கு. இரண்டு வருசத்தில சுனாமி வந்தபோது, பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் அந்த ஊருக்குச் சேதம் குறைவு. கடலூர் கரையை ஆராய்ந்து 2005 இல் ‘சயன்ஸ்’ இதழில வந்த கட்டுரையும் இதையேதான் சொன்னது: கண்டலும் சவுக்குத் தோப்பும் முன்னால நின்ற இடங்களில அலையின் வேகம் தணிந்திருக்கிறது.

முல்லைத்தீவுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நத்தாருக்கு அடுத்த நாள். கரையில இருந்த வீடுகளில நத்தார் மரம் சோடிச்சபடியே நின்றிருக்கும். அந்தக் காலையில ஆயிரக்கணக்கான உயிர்கள் போனது. இப்பவும் ஒவ்வொரு வருசமும் 26 ஆம் திகதி அந்தக் கரையில மெழுகுதிரி கொளுத்துறம், பேர் வாசிக்கிறம், அழுறம். 23 ஆம் திகதி கரையில நிற்கிற சவுக்கை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, 26 ஆம் திகதி அதே கரையில போய் நிற்கிறது எப்படி? இந்தக் கேள்விக்கு எங்கட குழுவில இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

சவுக்கைத் தெய்வமாக்கவும் நாங்கள் தயாரில்லை. அதின்ர சருகு விழுந்த இடத்தில வேற பூண்டு முளைக்கிறது குறைவு. கடலாமை முட்டையிட வாற மணலில நெருக்கமாகச் சவுக்கு நட்டால் ஆமைக்குக் கரைச்சல். எங்கட மண்ணின்ர சொந்தக் காவலாளிகள் அடம்பனும் இராவணன் மீசையும் தாழையும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. இனி நடப்போகிற இடத்தில எதை நடுறது என்று பேசலாம், பேசத்தான் வேணும். ஆனால் அது ஏற்கனவே நிற்கிற மரத்தின்ர தலையை வெட்டுறதுக்கு நியாயம் ஆகாது.

தலை என்று சொல்லக் காரணம் இருக்கு. நத்தார் மரத்துக்கு வேண்டியது கூம்பு வடிவம். அந்த வடிவம் இருப்பது இளஞ்சவுக்கின் நுனியில. பெரிய மரத்தில ஏறிக் கொப்பு வெட்ட யாருக்கும் பொறுமை இல்லை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல வளர்ந்த கன்றாகப் பார்த்து, நடுவால ஒரே வெட்டு. வேம்பு, கிளிசறியா மாதிரி இது அடிக்கட்டையில இருந்து திரும்பத் தளைத்து வராது. தண்டில தலையை எடுத்தால் பெரும்பாலும் மரம் முடிஞ்சுது, தப்பினாலும் நேராக வளராது. செல்லடியில தலை போன பனைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அப்ப பிளாஸ்ரிக் மரம்தானா? அதுக்கும் ஒரு கதை இருக்கு. செயற்கை மரத்தைக் கண்டுபிடித்ததே காட்டைக் காப்பாற்றத்தான். 19 ஆம் நூற்றாண்டில ஜேர்மனியில நத்தாருக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு மெலிந்தபோது, தாரா, வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் போட்டுக் கம்பியில கட்டி மரம் செய்தார்கள். பிறகு 1930களில அடிஸ் என்ற பிறஷ் கம்பனி, கக்கூஸ் கழுவுற பிறஷ் முறுக்குற இயந்திரத்திலயே மரமும் முறுக்கியது. இப்ப எங்கட கடைகளில கிடைப்பது பீவீசீ தாள் வெட்டிக் கம்பியில முறுக்கினது, பெரும்பாலும் சீனாவில செய்தது. பிளாஸ்ரிக்கும் இரும்பும் பிரிக்க ஏலாமல் பின்னிக் கிடக்கிறதால பழைய இரும்புக்காரரும் எடுக்க மாட்டார், பிளாஸ்ரிக் சேர்க்கிறவரும் எடுக்க மாட்டார். கால் உடைஞ்ச மரம் கடைசியில போறது வளவின்ர கோடிக்குத்தான், அங்கயிருந்து நெருப்புக்கு. பீவீசீ எரிந்தால் ஐதரோகுளோரிக் அமில வாயு வரும், டயொக்சின் வரும். 2017 புரட்டாதியில இருந்து இலங்கையில பிளாஸ்ரிக்கை வெளியில எரிப்பது சட்டப்படி தடை. அதே நேரத்தில வந்த இன்னொரு ஒழுங்குவிதி, சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில பொலித்தீன் சோடினையையும் தடை செய்தது. எந்தத் தேர்த்திருவிழாவுக்கோ, எந்தத் தேர்தல் கூட்டத்துக்கோ அது நினைவில இருந்தது என்பதை உங்கட யோசனைக்கு விடுறம்.

ஆனாலும் பிளாஸ்ரிக் மரம் வாங்கின வீட்டை நக்கலடிக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கிளிநொச்சிச் சனம் 2008 நத்தாரைத் தருமபுரம், விசுவமடு பக்கங்களில தறப்பாளுக்குக் கீழ கழித்தது. திரும்பி வந்தபோது வளவில மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பனையும் தென்னையும் பங்கருக்குப் போயிருந்தது, மிச்சத்தை செல் தின்றிருந்தது. அப்படி வெளிச்சுப் போன வளவில, புதுசாகக் கட்டின வீட்டு விறாந்தையில, லண்டனில இருந்து சித்தப்பா அனுப்பின காசில வாங்கின ஒரு மரம் மினுங்குது என்றால், அது வெறும் பகட்டு இல்லை. வீடு வீடாகிவிட்டது என்று சொல்லுற ஒரு சாமான் அது. அந்த வீட்டு அம்மாவுக்குக் கார்பன் கணக்கு வாசித்துக் காட்ட நாங்கள் போகப் போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்லுவம்: அம்மா, அதை எறிஞ்சுபோட்டு அடுத்த வருசம் பெரிசாக ஒன்று வாங்க வேண்டாம். பெட்டியில கவனமாக வையுங்கோ, எலி கடிக்காத இடமாக. பதினைஞ்சு வருசம் நிண்டால் அதைவிட நல்ல மரம் இல்லை.

எங்களுக்குக் கோபம் வருவது வேற இடத்தில. விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் யார் பெரிய மரம் வைக்கிறது என்று போட்டிக்கு நிற்கிறபோது. போன வருச மரம் பன்னிரண்டடி என்றால் இந்த வருசம் பதினெட்டடி. படம் எடுத்துப் போட்டு, நத்தார் முடிய அப்படியே மழைக்குள்ள விட்டுவிட்டுப் போகிறோம். அந்தக் காசுக்கும் மினக்கேட்டுக்கும் கோயில் வளவிலயோ வாசிகசாலை முற்றத்திலயோ ஒரு மரத்தை நட்டு வளர்த்து, வருசாவருசம் அதையே சோடிக்கலாம். அது சவுக்காகத்தான் இருக்க வேணும் என்று யார் சொன்னது? பெத்லகேமில பைன் மரம் இருந்ததாக எந்தச் சுவிசேஷத்திலயும் இல்லை. ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ இல் இருந்து வந்தது. சொல்லை எங்கட வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றினவர்களுக்கு மரத்தை மாற்றுறது என்ன கஷ்டம்? வேம்பிலயும் லைற் எரியும். மருதிலயும் நட்சத்திரம் தொங்கும்.

வீட்டுக்குள்ள மரம் வேணும் என்கிறவர்களுக்கு, பொருளாதாரத் தடைக்காலத்தில நத்தார் கொண்டாடின பெரியாக்களிடம் கேட்கச் சொல்லுவம். பற்றறி கூடத் தடைசெய்யப்பட்டிருந்த காலம். காய்ஞ்ச விளாத்திக் கொப்பு ஒன்றை வாளி மணலில நட்டு, இலவம் பஞ்சை ஒட்டி, வெற்றுத் தீப்பெட்டிகளைக் கடதாசியில சுற்றித் தொங்கவிட்டதைச் சொல்லுவினம். எங்களில இரண்டு வீட்டில போன வருசம் அதைத்தான் செய்தம். சவுக்குத்தான் வேணும் என்றால் தெரிஞ்சவர்களின்ர வளவில கேட்டு, வளர்ந்த மரத்தில ஒரு பக்கக் கொப்பு. ஒரு பக்கம் சப்பையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வையுங்கோ.

‘முதிரையும் பாலையும் லொறி லொறியாகப் போகுது, மணல் அள்ளுறார்கள், நீங்கள் நத்தார் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிறியள்’ என்று ஒரு அண்ணர் கேட்டார். நியாயமான கேள்வி. வன்னிக் காட்டை அழிப்பது நத்தார் மரம் இல்லை. ஆனால் மணல் லொறியை மறித்துக் கேள்வி கேட்கப்போற பெடியளின்ர கையில வெட்டின சவுக்கு இருந்தால், முதல் கேள்வியை லொறிக்காரர்தான் கேட்பார்.

தை 6 ஆம் திகதி மூவிராசாக்கள் திருநாளோட குடிலும் மரமும் கழட்டுற வழக்கம். பிளாஸ்ரிக் மரம் பெட்டிக்குள்ள போகட்டும். சவுக்குக் கொப்பை எறிய வேண்டாம், அடுப்படிப் பக்கம் மழை படாமல் சாத்தி வையுங்கோ. சவுக்கைப்போல எரியிற விறகு குறைவு, பொங்கலுக்கு ஒரு கிழமைதான் இருக்கு.