உடைஞ்சா ஒட்டிக்கலாம்!

கடனை அடைக்க விமானம் செய்த ஒரு இன்ஜினியரைத் தெரியுமா உங்களுக்கு?

பேரு பால் மெக்ரெடி, அமெரிக்காக்காரர். பள்ளி வயதிலேயே மாதிரி விமானம் செய்து பறக்கவிட்டவர். கால்டெக்கில் டாக்டர் பட்டம். 1956-ல் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டி உலக சாம்பியன். இவ்வளவு படித்த மனுஷன் 1970-களில் வேண்டியவர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர்! (ஜாமீன் கதை எல்லா ஊரிலும் ஒண்ணுதான் போல.)

அப்போதான் கிரெமர் பரிசு ஞாபகம் வந்தது. மனிதனின் உடல் பலத்தால் மட்டுமே பறக்கும் விமானம் வேண்டும். அரை மைல் இடைவெளியில் இரண்டு கம்பம். அதைச் சுற்றி எட்டுப் போடணும். ஆமா, லைசென்ஸுக்கு நாம போடும் அதே எட்டு. பரிசு 50,000 பவுண்ட். 1959-ல் அறிவித்தது, பதினேழு வருஷமா யாருக்கும் கிடைக்கவில்லை.

முயன்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அழகாக, நுணுக்கமாகத்தான் கட்டினார்கள். ஆனால் ஒரு தடவை விழுந்தால் சரிசெய்ய மாசக்கணக்கில் ஆகும். எத்தனை தடவைதான் விழ முடியும்?

மெக்ரெடி கணக்கு வேற. இறக்கையைப் பெரிசாக்கு, எடையைக் கூட்டாதே. மெதுவாகப் பறந்தால் கொஞ்சம் சக்தியே போதும். அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மைலார் தாள், டேப். 96 அடி இறக்கை. விமானத்தின் எடையோ சுமார் 32 கிலோ! பார்க்க ஏதோ பந்தல் மாதிரி இருக்கும். ஆனால் தாழ்வாக, மெதுவாகப் பறந்ததால் விழுந்தாலும் பெரிய அடி இல்லை. குழாயை மாத்து, டேப்பை ஒட்டு, மறுபடி பறக்கவிடு. அப்படி விழுந்து விழுந்தே டிசைன் மாறியது. 1977 ஆகஸ்ட் 23, கலிஃபோர்னியாவின் ஷாஃப்டரில் சைக்கிள் வீரர் பிரையன் ஆலன் பெடல் மிதிக்க, 'காஸமர் காண்டர்' எட்டுப் போட்டது. ரெண்டே வருஷத்தில் அடுத்த விமானமான 'ஆல்பட்ராஸ்' இங்கிலீஷ் கால்வாயையே தாண்டியது.

இப்போ நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வாங்க. ரிவ்யூவுக்கு முதல் நாள் வரை மாடலைத் தொடவே பயம். எரிஞ்சிட்டா? உடைஞ்சிட்டா? அதைவிட, காசு கொடுத்து வெளியில் வாங்கிய மாடல் பளபளன்னு மேஜையில் நிற்கும். அதுக்குத்தான் மார்க்கும் விழும். எத்தனை தடவை உடைந்தது, ஒவ்வொரு தடவையும் என்ன மாத்தினோம் என்று கேட்க மதிப்பெண் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டம் வேணும்னு என் கட்சி. அடுத்த ரிவ்யூவில் உங்க மாடலோடு உடைஞ்ச துண்டுகளையும் மேஜையில் வைங்க. கேள்வி கேட்பவர்கள் எதை முதலில் கையில் எடுக்கிறாங்கன்னு பார்ப்போம்.