கூரை மூடிய காரில் காற்று எங்கே நுழைகிறது?

பழைய கன்வர்டிபிள் காரை வாங்குபவர் எஞ்சினையும் துருவையும் சோதிக்கும் அதே கவனத்தோடு உள்ளே கேட்கும் இரைச்சலையும் சோதிக்க வேண்டும். கூரையைத் திறந்துபோட்டு ஓட்டும் ஆசையில்தான் இந்தக் கார் வாங்கப்படுகிறது. ஆனால் பிரிட்டன் போன்ற மழை நாட்டில் அது பெரும்பாலும் கூரை மூடியேதான் ஓடும். அந்த நேரத்தில் காதைக் குடையும் சத்தம் இருந்தால், அரைமணி நேரப் பயணமே தலைவலியாகிவிடும். சத்தம் எவ்வளவு என்று பார்ப்பதோடு, அது எங்கிருந்து வருகிறது என்றும் பிரித்தறிய வேண்டும். சில சத்தங்கள் அந்த மாடலின் பிறவிக் குணம், அவற்றை ஏற்றுக்கொள்ளலாம். சில, தேய்மானத்தால் வருபவை. பணம் செலவழித்தால் போய்விடும். சில, காரின் உடற்கட்டே தளர்ந்துவிட்டதைச் சொல்பவை. அப்படிப்பட்ட காரை வாங்காமல் இருப்பதே நல்லது.

பிறவிக் குணம் எது என்று அறிய, மாடலின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கிடைக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். 1989 சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறைக் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எடையைக் குறைப்பதையே குறியாகக் கொண்டு கட்டியதால் சத்தத்தை அடக்கும் பொருள்களுக்கு அதில் அதிக இடமில்லை. கூரை வினைல்; பின்கண்ணாடிக்குப் பதிலாக ஜிப் வைத்த பிளாஸ்டிக். ஐந்து கியர் கொண்ட அந்தக் காரில், மோட்டார்வே வரம்பான 70 மைல் (சுமார் 112 கி.மீ.) வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுகளுக்கு மேல் சுழலும். எனவே அந்த உறுமல் பழுதன்று. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு உண்மையான கண்ணாடி கிடைத்தது. 2006இல் மூன்றாம் தலைமுறையில் மடங்கும் கடினக் கூரையும், 2016இல் அறிமுகமான ஆர்எஃப் வகையில் பின்தூண்கள் நிலைத்து நிற்கும் கூரையும் வந்தன. கடினக் கூரை துணியைவிட அமைதியானது. ஆனால் அதில் இணைப்புகள் அதிகம்; வயதானால் ஒவ்வொரு இணைப்பும் கிறீச்சிட வாய்ப்புண்டு.

காற்றின் இரைச்சல் வேகத்தோடு ஒரே சீராக ஏறுவதில்லை. அதன் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளர்கிறது. 60 கி.மீ. வேகம் 120 ஆகும்போது காற்றொலியின் ஆற்றல் சுமார் 64 மடங்காகும். டெசிபல் கணக்கில் 18 உயர்வு. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றும். தெருவைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு 'சத்தமே இல்லை' என்று முடிவெடுப்பது ஏன் ஏமாற்றம் தருகிறது என்பது இதிலிருந்து விளங்கும். விற்பவர் மோட்டார்வேக்குப் போகத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் நின்ற நிலையிலேயே பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். கன்வர்டிபிளின் கதவுக் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது. கண்ணாடியின் விளிம்பு கூரையின் ரப்பர் பட்டையில் நேராக அழுந்தி நிற்க வேண்டும். பல மாடல்களில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழிறங்கி, மூடியதும் ஏறி ரப்பருக்குள் அமரும். அது முழுதாக ஏறுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு தாளைக் கீற்றாகக் கிழித்து, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்க வேண்டும். தாள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் அந்த இடம் நன்றாக உள்ளது. வழுக்கி வந்துவிட்டால் அங்கேதான் காற்று நுழையும். முன்தூணின் மூலையிலிருந்து கதவின் பின்விளிம்புவரை ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதிக்கலாம்.

ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா, நசுங்கியபடியே நின்றுவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பூட்டும் தாழ்கள் சற்றே எதிர்ப்புக் காட்டி மூடினால் நல்லது. தளர்வாக மூடினால் கூரையின் முன்விளிம்பு வேகத்தில் தூக்கிக்கொண்டு ஊளையிடும். பின்கண்ணாடி ஒட்டிய துணிக்கூரையில், பசை விட்டு ஓரம் பிரிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள கம்பளம் ஈரமாக இருந்தால் ரப்பர் பட்டைகள் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். தண்ணீர் வரும் வழியில் காற்றும் சத்தமும் வரும்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவையும் ஏசி விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். வாங்குபவர் ஓட்ட, கூட வந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் வேலை எளிது. 50, 80, 110 என்று வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில், எஞ்சினை அணைக்காமல் கியரை மட்டும் நியூட்ரலில் விட்டால், எஞ்சின் சத்தம் அடங்கும். மிஞ்சுவது காற்றும் டயரும். தார் வழவழப்பாக உள்ள இடத்திலிருந்து சொரசொரப்பான இடத்துக்குப் போனதும் சத்தம் சட்டென மாறினால் அது டயரின் சத்தம். சாலை எதுவானாலும் வேகத்தோடு மட்டும் ஏறினால் காற்றின் சத்தம்.

சக்கர பேரிங் தேய்ந்தால் அடித்தொண்டையில் ரீங்கரிப்பதுபோல் ஒரு தொடர் ஒலி வரும். இடப்பக்கம் வளையும்போது எடை வலச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது ஒலி கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பழசாகி இறுகிய டயரும், மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் புதியவற்றைவிட அதிகம் இரையும். புதுடயரின் லேபிளில் உள்ள டெசிபல் அளவு சாலையோரத்தில் கேட்கும் சத்தத்தைக் குறிப்பது. காருக்குள் என்ன கேட்கும் என்பதை அது சொல்லாது.

காற்றுச் சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று உறுதிசெய்ய, விற்பவர் அனுமதித்தால், பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் போதும். சந்தேகப்படும் இணைப்பின் மேல் வெளிப்பக்கமாக ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் மீண்டும் ஓட்ட வேண்டும். உஸ்ஸென்ற ஒலி நின்றால் இடம் தெரிந்துவிடும். நிற்காவிட்டால் டேப்பை அடுத்த இணைப்புக்கு மாற்றலாம். ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டுவது முக்கியம்.

அதிர்வும் கடகடப்பும் வேறு வகை. கூரை என்ற இணைப்பு நிரந்தரமாக இல்லாததால் கன்வர்டிபிளின் விறைப்பில் பெரும்பங்கைத் தரையும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் எனப்படும் பெட்டிப் பகுதியும் தாங்குகின்றன. எம்எக்ஸ்-5இல் கூரைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகுழாய்கள் வழியே இறங்குகிறது. அவை குப்பையால் அடைபட்டால் நீர் தேங்கி, சில் பகுதி உள்ளிருந்து துருவேறும். ஒட்டுப்போட்ட சாலையில் மெதுவாக ஓட்டும்போது கூரை மூடியிருக்கையில் மட்டும் கடகடத்தால், குற்றம் கூரைச் சட்டத்தில். கூரை திறந்தபின் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் அளவுக்கு மீறி நடுங்கினால், குற்றம் உடற்கட்டில் இருக்கலாம். அப்படிப்பட்ட காரை மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிரிட்டனில் காரின் பதிவெண்ணைக் கொண்டு எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு, பேரிங் பற்றிய பழைய குறிப்புகள் அதில் கிடைக்கும்.

கூரையைத் திறந்தும் ஒருமுறை வேகமாக ஓட்ட வேண்டும். அப்போது பின்னாலிருந்து சுழன்று வரும் காற்று காதருகே படபடவென அடிக்கும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, இருக்கைகளுக்குப் பின் காற்றுத் தடுப்பை நிறுத்தினால் அது குறையும். தடுப்பு காரோடு வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த காருக்குள் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பணியிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு அதுதான்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. தினமும் நெடுந்தூரம் திறந்து ஓட்ட நினைப்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கைபேசிச் செயலியின் டெசிபல் எண்ணைத் தனியாக நம்புவதில் பயனில்லை. பொதுவாகப் பயன்படும் ஏ-எடையிட்ட அளவு தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக் காட்டும். சோர்வூட்டும் ஊங்காரமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒரே கைபேசி, ஒரே சாலை, ஒரே வேகம் என்று வைத்து, ஒரே மாடலின் இரண்டு கார்களை ஒப்பிட்டால் அந்த எண் உதவும். ஈரச்சாலையும் எதிர்காற்றும் கணக்கைக் குலைக்கும் என்பதால் காய்ந்த, காற்றில்லாத நாளே ஏற்றது.

விலை பேசுவதற்கு இந்த வரிசை கைகொடுக்கும். டயர், பேரிங், கண்ணாடியைச் சரியாக அமர்த்துவது ஆகியவை சிறு செலவுகள். ரப்பர் பட்டைகளை மாற்றுவது நடுத்தரச் செலவு. புதுக்கூரை பெருஞ்செலவு, அதை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். உடற்கட்டில் துரு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த அமைதி திரும்ப வராது.