ஆஃபர் லெட்டரும் 80 நாளும்

குழந்தைக்கு முயலும் நேரத்தில் வேலை மாறலாமா? ஐ.டி.யில் இருக்கும் பெண் கேட்டால், “இப்ப எதுக்கும்மா ரிஸ்க்?” என்பதுதான் பெரும்பாலும் வீட்டுப் பதில்.

மகப்பேறு விடுப்புச் சட்டம் அப்படிப் பயமுறுத்தவில்லை. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் புது நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 12 வாரமாக இருந்ததை 2017 திருத்தம்தான் உயர்த்தியது. கர்ப்பம் உறுதியான மாதமே புது இடத்தில் சேர்ந்தாலும் அந்த 80 நாள் தாராளமாகத் தேறும். குழந்தை எப்போது தங்கும் என்று தெரியாமல் நல்ல வாய்ப்பை வருஷக்கணக்கில் தள்ளுவது வீண்.

கவலைப்பட வேண்டியது புது நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேட்டால், “விசேஷமா?” என்ற பார்வை வரும். அதற்குப் பதில் பாலிசி நகலை மொத்தமாக வாங்கிப் படித்துவிடலாம்.