கூடுதலாக ஒரு நாள்

காஷ்மீரில் சோனாமார்க் அருகே தொடங்கி நாரானாக்கில் முடியும் பேரேரிகள் நடைவழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், நுந்த்கோல், கங்காபல் என ஏரிகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கண்முன் விரிகின்றன. இடையே கடக்க வேண்டிய கணவாய்களுள் கட்சர் கணவாயின் உயரம் சுமார் 4,200 மீட்டர். முதுகில் சுமையுடன் இவ்வழியே தனியே நடக்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானதே. அவ்வாறு புறப்படுபவர் முதலில் தேடிக்கொள்ள வேண்டியது விலையுயர்ந்த கூடாரமன்று. விடுப்பில் கூடுதலாக ஒரு நாள் என்பதே என் கருத்து.

குழுவாகச் செல்வோருள் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மற்றவர் கவனித்து நிறுத்துவர். தனியே செல்பவரை நிறுத்த ஆளில்லை. மேலும், உயர மலை நோய் முற்றினால் சிந்தனைத் தெளிவும் குன்றும். அந்நிலையில், மறுநாளைக்கு வாங்கி வைத்த விமானச் சீட்டே அவரை முன்னோக்கித் தள்ளும். கணவாயில் மேகம் சூழ்ந்தாலும், பனி உருகி மாலையில் ஓடை பெருகினாலும், காத்திருக்க அவருக்கு மனம் வராது.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்றும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்றும் மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். கைவசம் நாள் இருப்பவரே இதனைக் கடைப்பிடிக்க இயலும்.

விடுப்பு கிடைப்பதே அரிது, கூடுதல் நாள் வீண் செலவு என்பர் சிலர். மாத வருவாயில் ஒரு பகுதியை அவசரத் தேவைக்கென ஒதுக்கும் நாம், அது செலவாகாமல் இருந்தால் வீணாயிற்று என வருந்துவதில்லை. மலையில் அந்த ஒரு நாளும் அத்தகையதே. பயன்படாவிடில் கங்காபல் கரையில் ஹர்முக் சிகரத்தைப் பார்த்தபடி அமர்ந்து கழிக்கலாம்.

வேறு சில ஆயத்தங்களும் தேவை. ஏரிப் பகுதிகளில் கைப்பேசி இணைப்பு கிட்டுவது அரிது. செயலி வழியே பணம் செலுத்த இயலாது. மட்டக்குதிரை அமர்த்த நேரிட்டால் கொடுப்பதற்குச் சிறு நோட்டுகளாக ரொக்கம் வைத்திருத்தல் நலம். பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றத்திற்கு விலக்கு உண்டு. விதிகளைப் படித்த பின்னரே வாங்குக. நடைக்கான அனுமதி விதிகளை அவ்வாண்டு நிலவரப்படி விசாரித்தறிக. வழித்திட்டத்தையும், எந்த நாளுக்குள் செய்தி வராவிடில் உதவி கோர வேண்டும் என்பதையும் வீட்டில் எழுதிக் கொடுத்துச் செல்க. அந்த நாளைக் குறிக்கும்போது கூடுதல் நாளையும் சேர்த்துக் கணக்கிடுக.