தேடுபொறிக்குப் பின்னால் ஒரு நூலகர்

ஆசிரியருக்கு,

தகவல் அறிவியலைக் கணினித் துறைக்குள் கரைத்துவிடலாம் என்பவர்கள், அதை வளர்த்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் குறியீடுகளால் கோக்கும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். அமெரிக்காவில், வேதியியல் படித்த யூஜின் கார்ஃபீல்டு, எந்த ஆய்வை எது மேற்கோள் காட்டுகிறது என்ற அட்டவணையை 1964இல் கொண்டுவந்தார்.

கூகுள் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இணையப் பக்கங்களின் இணைப்புகளை மேற்கோள்களைப் போல எடைபோடும் யோசனையில்தான் 1998இல் கூகுளே எழுந்தது. (கடன் வாங்கிய இடத்தை மறப்பது எளிது.) வேகமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பெரும்பாலான தமிழ்ப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. ரங்கநாதனின் ‘எஸ்’ ஊர், ‘ஆர்’ தந்தை. ஆங்கில வழக்கில் அமைந்த பட்டியலோ ‘முதற்பெயர், கடைசிப்பெயர்’ என்றே கேட்கும். அரங்கநாதன் என்று எழுதினாலும் ஆள் ஒருவர்தான் என யாராவது முடிவுசெய்தாக வேண்டும். அதற்கு மொழியறிவு வேண்டும், சமூக அறிவு வேண்டும், நிரல் எழுதவும் தெரிய வேண்டும். கணினித் துறையின் பாடத்திட்டத்தில் முதல் இரண்டுக்கும் இடம் எங்கே?

– ஒரு வாசகர்