ஒரே மண்ணுக்கு இரண்டு கோப்பு

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் குமாஸ்தாவாகக் கோப்பு தூக்கியவன் நான். ஒரு விஷயம் எந்தக் கோப்பில் போய்ச் சேருகிறதோ, அதுதான் அதன் தலையெழுத்து. களிமண்ணுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

1952-ல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் வந்தது. 1954-ல் லலித் கலா அகாதமி. இன்று கைவினை ஜவுளி அமைச்சகத்தில் இருக்கிறது, கலை பண்பாட்டு அமைச்சகத்தில் இருக்கிறது. அதனால்தான் குயவர் செய்த குதிரை பொருட்காட்சித் திடலில் விலைச் சீட்டோடு நிற்கிறது. கல்லூரியில் படித்தவர் செய்த மண் உருவம் குளிரூட்டிய கூடத்தில், பெயர் அட்டையோடு நிற்கிறது.

புதுவையில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், கலைஞனை 'அர்த்தீஸ்த்' என்றும் கைவினைஞனை 'அர்த்திஸான்' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். வேர் ஒன்று, வால்தான் வேறு.

அந்தப் புதுவையிலிருந்தே இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ரே மீக்கர் என்ற அமெரிக்கர். 1971-ல் டெபோரா ஸ்மித்தோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியவர். சுடாத மண் கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கித் தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுத்தார். ஆரோவில்லில் அப்படி எழுந்த வீட்டுக்கு அக்னிஜாதா என்று பெயர். இன்னொருவர் வில்லியனூர் வி.கே. முனுசாமி, பரம்பரைக் குயவர். 2020-ல் இவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பட்டியலில் துறை என்ற இடத்தில் 'கலை' என்றே போட்டிருந்தார்கள்.

இந்த இருவரின் மண் வேலைகளையும் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் ஒரே கூடத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒருவர் மண்ணையும் நெருப்பையும் கொண்டு மனுஷன் குடியிருக்க இடம் செய்தார். இன்னொருவருடைய மரபு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அய்யனாருக்குக் குதிரை நேர்ந்துகொண்ட மரபு. அந்தக் குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று கரைந்து மறுபடி மண்ணாகிறது. யாரும் அதைப் பெட்டியில் பூட்டிக் காப்பதில்லை. எழுபதைத் தாண்டிய நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையா?

"கூடத்தில் வைத்தால் குயவர் வயிறு நிறையுமா?" என்று கேட்பீர்கள். நிறையும் என்றே நினைக்கிறேன். பொங்கல் சமயத்தில் எங்கள் சேக்காட்டில் தெருவோரம் பானை விற்பவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். ஓவியக் கூடத்தில் யாராவது பேரம் பேசிப் பார்த்ததுண்டா? பெயர் அட்டைதான் விலையைத் தீர்மானிக்கிறது. குயவர் மகன் சக்கரத்தில் உட்காருவதா, அம்பத்தூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போவதா என்பதை அந்த விலை தீர்மானிக்கிறது.

இரண்டு கோப்பையும் ஒன்றாகக் கட்டுவது மேலே உள்ளவர்கள் வேலை. பானைக்காரர் சொன்ன விலையைக் கொடுப்பது நம்மால் முடிந்த வேலை. வரும் பொங்கலுக்கே தொடங்கலாம்.